மேன்முறையீட்டிலிருந்து வழக்கு திரும்பி வந்தால் செய்யக்கூடாதவை

தீர்ப்பு ரத்தாகிவிட்டது என்று கேட்டவுடனே 'வென்றுவிட்டோம்' என்று சொந்தக்காரருக்கெல்லாம் போன் போடுவதைப் புதுக்கடையில் (கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் இடம்) அடிக்கடி பார்க்கலாம். தயவுசெய்து பொறுங்கள். பழைய தீர்ப்புத்தான் போனது, வழக்கு போகவில்லை.

மேன்முறையீட்டு நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை உறுதிப்படுத்தலாம், திருத்தலாம், மாற்றலாம். அதோடு, புதிய விளக்கத்துக்கோ (வழக்கைத் திரும்ப நடத்துவதற்கோ) மேலதிக விசாரணைக்கோ கட்டளையிடவும் இலங்கை அரசியலமைப்பின் 139ஆம் உறுப்புரை அதிகாரம் கொடுத்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதுதான் பெரிய பிழை. புதிய விளக்கம் என்றால் பொதுவாகச் சாட்சிகளை மறுபடி கூப்பிட வேண்டிவரும். மேலதிக விசாரணை என்றால், உதாரணமாக ஒரு காணி வழக்கில் நில அளவைப் படத்தை மட்டும் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், அப்போது நீங்கள் பத்துச் சாட்சிகளைத் தேடி அலைந்து காசும் காலமும் செலவழிப்பதில் பயனில்லை. ஆகவே தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் உள்ள கட்டளையை வரி வரியாக விளங்கிக்கொள்ளுங்கள்.

அங்கேதான் நம்மவர்களுக்குச் சிக்கல். மேல் தீர்ப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், கொழும்பு மாவட்ட நீதிமன்றக் குறிப்புகள் சிங்களத்தில், கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறோம். கூச்சம் வேண்டாம். வழக்கு நடக்கும் மொழி விளங்காத தரப்பினருக்கு உரைபெயர்ப்பும் தமிழ் மொழிபெயர்ப்பும் பெறும் உரிமை 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சட்டத்தரணியிடமும் 'எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கோ' என்று கேளுங்கள், அது உங்கள் வழக்கு.

திருப்பி அனுப்பியதே பிழை என்று நினைத்தால் உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய விசேட அனுமதி கேட்கலாம், ஆனால் 42 நாட்களுக்குள். பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணி ஏமாறாதீர்கள், தீர்ப்பு சொல்லப்பட்ட நாளிலிருந்தே கணக்கு.

அப்புறம், அடுத்த தவணையை (வழக்கு எடுக்கப்படும் நாளை) யாராவது அறிவிப்பார்கள் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வழக்குக் கோவை கீழ் நீதிமன்றப் பதிவகத்துக்கு வந்துவிட்டதா என்று நீங்களே போய்க் கேளுங்கள், விலாசம் மாறியிருந்தால் சட்டத்தரணிக்கு உடனே சொல்லுங்கள். குடியியல் வழக்கில் பிரதிவாதி தவணைக்கு வராவிட்டால் ஒருதரப்பாகவே முடித்துவிடலாம், பிறகு அந்தத் தீர்ப்பாணை கைக்குக் கிடைத்த 14 நாட்களுக்குள் நியாயமான காரணம் காட்டித்தான் அதை நீக்கக் கேட்க முடியும்.

குற்றவியல் வழக்கென்றால் இன்னும் கவனம். மறுவிளக்கத்துக்கு அனுப்பப்பட்டவர் விடுதலையானவர் அல்ல. கட்டளையில் பிணை பற்றி ஏதாவது இருக்கிறதா என்று அன்றே பாருங்கள், இல்லையென்றால் பிணை மனுவைப் பற்றி அன்றே பேசுங்கள், ஒவ்வொரு நாளும் அவர் உள்ளேயே இருக்கிறார்.