ஒரு மணி நேரத்தில் மலையைக் கரைத்துப் பார்ப்பது எப்படி

மழையும் ஆறும் அரித்து அரித்து மலையே சமவெளியாகும் என்று படித்திருப்போம். கண்ணால் பார்க்காமல் அதை நம்புவது கஷ்டம்தான், அதனால் ஒரு நாள் சாயங்காலம் நம் ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரைக்குப் போங்கள்.

போகும்போது ஒரு வாளி கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாயில் படிந்த களிமண், வேண்டும். வெறும் கடல் மணலில் செய்தால், ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் மணலே குடித்துவிடும், மேலே எதுவும் ஓடாது. மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு கரம்பை பிசைந்து முழங்கால் உயரத்துக்குக் குவியுங்கள். ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு, அடியில் ஒரு குழி. உச்சியில் நாலைந்து சிப்பிகளைக் கவிழ்த்து வையுங்கள். அப்புறம் சரிவில் ஓர் ஈர்க்குச்சியைக் குத்தி, மண் மட்டத்தில் நூல் கட்டிவிடுங்கள், எவ்வளவு தேய்ந்தது என்று அதுதான் சொல்லும்.

மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் மேலிருந்து ஊற்றுங்கள். அவசரம் வேண்டாம். முதலில் துளி விழுந்த இடத்தில் மண் தெறிக்கும், பிறகு முடி மாதிரி கோடுகள் விழும், இரண்டு கோடு சேர்ந்து ஓடையாகும், செங்குத்துப் பக்கம் பொத்தென்று சரியும். குழியைப் பாருங்கள், உச்சியில் போன மண்தான் அங்கே நிறைகிறது. மேடு குறைவதும் பள்ளம் தூர்வதும் ஒரே வேலை. சரிவு குறையக் குறைய நீரின் வேகமும் குறையும், நூலுக்குக் கீழே குச்சி தெரிவதும் மெதுவாகும். அதனால்தான் 1889-இல் அமெரிக்கப் புவியியலாளர் வில்லியம் மோரிஸ் டேவிஸ் இப்படித் தேய்ந்த நிலத்துக்கு 'பெனிப்ளேன்', அதாவது 'கிட்டத்தட்ட சமவெளி' என்று பெயர் வைத்தார். கடல் மட்டத்தை நெருங்கிவிட்டால் ஆற்றுக்கு அதற்குக் கீழே வெட்டப் பெரிதாக வழியில்லை.

நம் ராமநாதபுரம் தட்டையாக இருப்பதைப் பார்த்து இங்கே மலை இருந்து தேய்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாம் குழிப் பக்கம்: வைகை கொண்டுவந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலும்தான் இந்த மண். தேய்ந்த பக்கம் மதுரை, அங்கே சமவெளியில் ஆனைமலை தனியாக நிற்பது, உங்கள் குவியலில் சிப்பிக்கு அடியில் மண் நிற்கிற மாதிரிதான், கெட்டியான பாறை என்பதால் பிழைத்தது.

கடலுக்குப் போக முடியாதவர்கள் நல்ல மழை விட்டதும் கண்மாய்க்கரைச் சரிவில் குனிந்து பாருங்கள், சின்னச் சின்ன மண்தூண்களின் தலையில் சரளைக்கற்கள் உட்கார்ந்திருக்கும்.