மஞ்சள் பூவுக்குப் பெயர் சூட்டும் முன்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் தனுஷ்கோடிப் பக்கம் மணலில் மஞ்சள் பூக்கள் தலைகாட்டும். பலரும் குனிந்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துக் கைபேசிச் செயலியிடம் பெயர் கேட்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் மஞ்சள் வட்டம்தான். ‘பாலைச் சாமந்தி’ என்று பதில் வந்தால் நம்பிவிடாதீர்கள். பெய்லியா என்னும் அந்தச் செடி தென்மேற்கு அமெரிக்கா, வட மெக்சிகோ பாலைவனங்களுக்கு உரியது. இராமநாதபுரம் வறண்ட பூமிதான், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நனையும் கடலோரம்.

இதழ்களை எண்ணிப் பெயர் சொல்வது அடுத்த தவறு. சாமந்திக் குடும்பத்தில் நாம் ‘பூ’ என்பது பல சிறு பூக்கள் நெருங்கி அமர்ந்த கொத்து. ஓர் ‘இதழை’ அடியோடு மெல்ல உருவி உள்ளங்கையில் வையுங்கள். அடியில் கடுகைவிடச் சிறிய சூலகம், பல செடிகளில் அதன் உச்சியில் பட்டு போன்ற வெள்ளை இழைகள். கையில் இருப்பது இதழ் அல்ல, ஒரு முழுப் பூ! இதை முதன்முதலாகப் பார்த்த நாளின் வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

நாக்குப் போல நீண்ட அந்த ‘இதழின்’ நுனியையும் பாருங்கள். ஐந்து நுண்பற்கள் இருந்து, கொத்து முழுவதும் நாக்குகளாகவே இருந்து, காம்பைக் கிள்ளினால் பால் வடிந்தால், பெரும்பாலும் அது லானியா பேரினம். மணலில் கொடி ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒவ்வொரு கணுவிலும் இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்திருந்தால் லானியா சார்மென்டோசா. எழுத்தாணிப்பூண்டு என்ற அழகான பெயரும் இதற்கு உண்டு. காலையில் போய்ப் பாருங்கள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும்.

நெருஞ்சி மஞ்சள்தான். ஆனால் ஐந்து தனி இதழ்களும் முள்காயும் கொண்ட அது வேறு குடும்பம். வெட்டுக்காயப்பூண்டு சாமந்திக் குடும்பமே என்றாலும் நடுவில் மட்டும் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய நாக்குகள்.

எனக்கு மிகவும் கவலை தருவது கீரை பறிப்பவர்களின் தவறு. வேலியோரம் மஞ்சளாகப் பூத்துப் படர்ந்த எதையும் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பறிக்கிறார்கள். அழகுக்காக வளர்க்கும் அமெரிக்கக் கொடியொன்று அதே மஞ்சளில் பூக்கும். அதன் இலையில் பெரும்பாலும் மூன்று மடல்கள் இருக்கும். உண்மையான கரிசலாங்கண்ணி ஈர நிலத்தை விரும்புவது, காய்ந்த மணலில் அதைத் தேடக் கூடாது. ஐயம் இருந்தால் சட்டியில் போடாதீர்கள்.

படம் எடுத்தால் பூவின் அடிக்கிண்ணம், இலையின் இரு பக்கம், செடி முழுவதும், அது நிற்கும் மண் எல்லாம் பதியட்டும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதையும் கிள்ள வேண்டாம், அங்கே கண்ணால் பார்ப்பதே போதும். கரையிலும் கொடியைப் பிடுங்காதீர்கள். காற்றில் பறக்கும் மணலை இறுக்கிப் பிடித்திருப்பது அந்தக் கணு வேர்கள்தான்.