கோட்பாடு முன்னே, கேள்வி பின்னே: தகவல் முறைமை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகளைப் படிக்கும்போது முதலில் கேள்வியைத்தான் தேடுவேன். பலவற்றில் அது கிடைப்பதில்லை. "தொழில்நுட்ப ஏற்பு மாதிரியின்படி யாழ்ப்பாணத்தில் இணைய வங்கிச் சேவை" என்று தலைப்பு இருக்கும். கோட்பாட்டு மாதிரியை எடுத்து வைத்துவிட்டு அதற்கேற்ற கேள்வியைத் தேடுகிறார்கள். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஆய்வாளர் பிரெட் டேவிஸ் 1989இல் அந்த மாதிரியை வெளியிட்டபோது அவரிடம் தெளிவான கேள்வி இருந்தது. ஒருவர் ஒரு மென்பொருளை ஏற்பதும் விடுவதும் எதனால்? பயன் தரும் என்ற எண்ணமும் கையாள எளிது என்ற எண்ணமும் அதைத் தீர்மானிக்கின்றன என்றார். ஏற்கவோ விடவோ பயனருக்கு இடமிருந்தால்தான் இந்த விளக்கத்துக்குப் பலம். கைரேகை வைக்காவிட்டால் சம்பளம் வெட்டப்படும் அலுவலகத்தில் "பயன்படுத்த எண்ணுகிறீர்களா?" என்று கேட்டு என்ன அறியப்போகிறோம்? அங்கே முறைமையின் தரம், தகவலின் தரம், பயனரின் திருப்தி பற்றிக் கேளுங்கள். டிலோனும் மக்லீனும் 1992இல் முன்வைத்து 2003இல் திருத்திய வெற்றி மாதிரி அதற்கு உதவும்.

சுன்னாகத்தில் ஒரு மொத்த வியாபார நிலையம் கணக்கு மென்பொருளை வாங்குவது நிறுவனத்தின் முடிவு. காசாளரிடம் வினாக்கொத்தை நீட்டி நிறுவனத்தைப் பற்றி முடிவு கூறக் கூடாது. டொர்னாட்ஸ்கியும் ஃபிளைஷரும் 1990இல் தந்த தொழில்நுட்பம், நிறுவனம், சூழல் என்ற சட்டகம் அந்த மட்டத்துக்குரியது.

வினாக்கொத்தை மொழிபெயர்ப்பதில் நேரும் தவறுதான் என்னை அதிகம் வருத்துவது. டேவிஸ் தம் வினாக்கொத்துக் கூற்றுகளை டொரொண்டோவில் ஐபிஎம் ஊழியர்களிடமும் பொஸ்டனில் முகாமைத்துவ மாணவர்களிடமும் சோதித்தார். திருநெல்வேலிச் சந்தையில் கைத்தொலைபேசி வழியே காசு வாங்கும் மரக்கறி வியாபாரியிடம் அவை "செயலாற்றுகை", "உற்பத்தித்திறன்", "விளைதிறன்" என்ற மூன்று சொற்களாகப் போய்ச் சேர்கின்றன. ஓர் அம்மா கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே, "இதைத்தானே மேலேயும் கேட்டீர், தம்பி?" என்றார். பிறகு மூன்றுக்கும் ஒரே விடை சொன்னார். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதால் கணினியில் அது மிக உயர்ந்த நம்பகத்தன்மையாகத் தெரியும். உண்மையில் அவர் ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லியிருக்கிறார். "மிச்சக் காசுக்கு அலைவது குறைந்ததா?" என்பது போலக் கேட்டு, பத்துப் பேரிடமாவது முதலில் சோதித்துப் பாருங்கள்.

வெங்கடேஷும் மற்ற மூவரும் தொழில்நுட்ப ஏற்பு பற்றி 2003இல் உருவாக்கிய ஒருங்கிணைந்த கோட்பாட்டில் நான்கு காரணிகளோடு, அவற்றின் செல்வாக்கைக் கூட்டிக் குறைக்கும் வயது, பால், அனுபவம், தன்விருப்பு ஆகியவையும் உண்டு. பகுப்பாய்வு சிக்கலாகும் என்று இவற்றைக் கைவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் வயதை விட்டால் என்ன மிஞ்சும்? வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணம் அம்மம்மாவின் கணக்குக்கு வருகிறது. செயலியைத் திறப்பவள் பேர்த்தி. இவர்களில் யார் பயனர் என்பதை வினாக்கொத்து அச்சாகும் முன்பே தீர்மானிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறவரிடம் "பயன்படுத்தும் எண்ணம்" பற்றிக் கேட்பதும் வீண். தொடர்ந்து பயன்படுத்துவதை விளக்கப் பட்டாச்சார்ஜியின் 2001ஆம் ஆண்டு மாதிரி இருக்கிறது.

கருதுகோள் நிரூபணமாகாவிட்டால் அந்த மாறியைச் சத்தமின்றி நீக்கிவிடாதீர்கள். எளிமைக்குச் செல்வாக்கில்லை என்று முடிவு வந்தால், அம்மம்மா வீட்டுக்கு மறுபடி போய்ப் பேர்த்தியையும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள்.