காந்தக் குவாண்டம் எண்ணைக் கொண்டு ஆர்பிட்டாலின் திசையை அறிவது எப்படி?

அணுவில் எலக்ட்ரான் காணப்பட வாய்ப்பு மிகுந்த பகுதியே ஆர்பிட்டால்; அதன் திசையோடு தொடர்புடையது காந்தக் குவாண்டம் எண். இந்த எண் −1, 0, +1 என்றால் முறையே எக்ஸ், ஒய், இசட் அச்சுகளின் மீது அமைந்த பி ஆர்பிட்டால்கள் என்று மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் பலர். அதில் எண்ணிக்கை சரி, பொருத்தம் தவறு. எங்கே தவறுகிறது என்பதை அணுவின் இரண்டாம் கூட்டை (எலக்ட்ரான் ஆற்றல் மட்டத்தை) எடுத்துக்கொண்டு, தாளும் பென்சிலுமாகப் படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

படி 1: கூட்டின் வரிசையைக் குறிக்கும் முதன்மைக் குவாண்டம் எண் 2 எனில், ஆர்பிட்டாலின் வடிவைக் குறிக்கும் கோண உந்தக் குவாண்டம் எண் 0, 1 ஆகிய இரு மதிப்புகளைப் பெறும். 0 என்பது எஸ் வகை ஆர்பிட்டால். அது கோள வடிவுடையது என்பதால் அதற்குத் திசை கிடையாது. 1 என்பது பி; நமக்கு வேண்டியது இதுவே.

படி 2: கோண உந்த எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஆர்பிட்டால்களின் எண்ணிக்கை கிடைக்கும். பி-க்கு 3, டி-க்கு 5, எஃப்-க்கு 7. பி-க்கான காந்த எண்கள் −1, 0, +1.

படி 3: இப்போது கோணத்தைக் கணக்கிடுங்கள். கோண உந்த எண்ணை அதற்கடுத்த எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், கோண உந்தத்தின், அதாவது எலக்ட்ரானின் சுற்று இயக்கத்தின், மொத்த அளவு (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்த அலகில்) கிடைக்கும்; பி-க்கு அது √2, அதாவது ஏறத்தாழ 1.414. இசட் அச்சின் வழியே அதன் கூறு காந்த எண்ணுக்குச் சமம். கூறை மொத்த அளவால் வகுத்தால் கோணத்தின் கொசைன் வரும்: +1-க்கு 45°, 0-க்கு 90°, −1-க்கு 135°. 0° என்ற விடை ஒருபோதும் வராததைக் கவனியுங்கள். கோண உந்தம் அச்சோடு முழுமையாக ஒன்றிவிட்டால் மற்ற இரு கூறுகளும் திட்டவட்டமாகச் சுழியாகிவிடும்; மூன்று கூறுகளையும் ஒருசேரத் துல்லியமாக வரையறுக்க முடியாது என்னும் நிச்சயமின்மைத் தத்துவம் அதற்கு இடம் தராது.

படி 4: பலரும் இடறும் இடம் இதுதான். மேலே கண்ட கோணம் கோண உந்தத்தினுடையது, ஆர்பிட்டாலின் மடல்களுடையது (எலக்ட்ரான் அடர்த்தி மிகுந்த புடைப்புகளுடையது) அன்று. காந்த எண் 0 உடைய ஆர்பிட்டாலில் கோண உந்தம் இசட் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க, மடல்களோ அந்த அச்சின் மீதே அமைகின்றன. +1, −1 ஆகிய இரண்டும் இரு மடல்கள் எதிரெதிரே அமைந்த டம்பெல் வடிவங்களே அல்ல. அச்சைச் சுற்றி உளுந்து வடை போல நடுவில் துளையுடன் அமைந்த, ஒரே எலக்ட்ரான் அடர்த்தி கொண்ட, சுழலும் திசையில் மட்டும் எதிரெதிரான நிலைகள். இவ்விரண்டின் அலைச் சார்புகளை (எலக்ட்ரானின் நிலையை விவரிக்கும் கணிதக் கோவைகளை) கூட்டியும் கழித்தும் பெறப்படுபவையே எக்ஸ், ஒய் அச்சுகளின் பி ஆர்பிட்டால்கள். ஆகவே அவற்றுள் ஒன்றிற்குத் தனியாக ஒரு காந்த எண்ணைச் சூட்ட இயலாது. அளந்து பார்த்தால் +1, −1 ஆகிய இரண்டும் சம வாய்ப்பில் கிடைக்கும்.

இசட் அச்சு எது என்று தனித்திருக்கும் அணுவைக் கேட்டால் அதற்கு விடையில்லை; மூன்று பி நிலைகளும் அங்கு ஒரே ஆற்றல் உடையவை. காந்தப்புலம் குறுக்கிடும்போதுதான் ஒரு திசை தனித்து நிற்கிறது. 1896-இல் டச்சு இயற்பியலாளர் பீட்டர் சீமன் காந்தப்புலத்தில் சோடியத்தின் நிறமாலைக் கோடுகள் அகலமாவதைக் கண்டதற்கும், இந்த எண்ணுக்குக் ‘காந்த’ என்ற அடைமொழி வந்ததற்கும் காரணம், அப்புலத்தில் +1, −1 நிலைகளின் ஆற்றல்கள் பிரிந்துவிடுவதே. அச்சூழலில் வடை வடிவ நிலைகளையே பயன்படுத்த வேண்டும். வேதிப்பிணைப்பை வரையும்போது டம்பெல் வடிவங்களே வசதியானவை.