மனச்சோர்வு வந்த வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

நெஞ்சுப் படபடப்புக்கு ஈசிஜி, எக்கோ. வயிற்றெரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி. தலைபாரத்துக்கு ஸ்கேன். எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்றே வந்திருக்கும். ஜவுளிக்கடைப் பை நிறைய இந்த ரிப்போர்ட்டுகளோடு உட்கார்ந்திருப்பவர்களை எந்தப் பெரிய அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலிலும் பார்க்கலாம். அந்த வாசலுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் போயிருக்கும். கையிருப்பும் கரைந்திருக்கும்.

அவர்கள் நடிக்கவில்லை. வலி நிஜம். மனச்சோர்வும் மனப்பதற்றமும் நம் ஊரில் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் வெளியே வருகின்றன. கை கால் அசதி, பசியின்மை, நெஞ்சில் ஏதோ அடைத்த மாதிரி, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு. ‘மனசு சரியில்லை’ என்று சொல்லக் கூசுகிறவர்கூட ‘உடம்புக்கு முடியலை’ என்று தயங்காமல் சொல்லிவிடுவார். முதலில் ஒருமுறை உடம்பைப் பரிசோதிப்பது சரிதான், அவசியமும்கூட. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 பற்றாக்குறை எல்லாம் இதே அசதியைத் தரும். அது சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் வேறு டாக்டர், வேறு ஸ்கேன் என்று அலைவதுதான் தவறு.

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. வேலை போனால், வேண்டியவர் இறந்தால் அழுகை வரும். நடுவில் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பும் வரும். மனச்சோர்வில் அந்தச் சிரிப்பு வராது. பிடித்த சாப்பாடு, பிடித்த கிரிக்கெட், பிடித்த மனிதர்கள் எதிலும் ஒட்டாது. அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரம் தொடர்ந்து இப்படி இருந்து, தூக்கமும் பசியும் கெட்டு, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ‘ஆடி போகட்டும், ஆவணியில் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

இனி வீட்டில் பேசும் பேச்சு. ‘உனக்கென்ன குறை? மூணு வேளை சோறு இருக்கு, நல்ல வேலை இருக்கு.’ ‘எங்க காலத்துல இதெல்லாம் ஏது?’ ‘சும்மா யோசிச்சு யோசிச்சே கெடுத்துக்கிறே.’ பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் இதே கேள்விகளை அவர் நமக்கு முன்பே நூறு தடவை தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். தன்னைத் தானே குற்றம் சொல்வது இந்த நோயின் ஓர் அறிகுறி. நாமும் சேர்ந்து குற்றம் சொன்னால், அவர் நினைத்தது சரிதான் என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு நம்மிடம் எதையும் சொல்லவே மாட்டார்.

குளிக்காமல், பல் தேய்க்காமல் பகல் பதினொரு மணிவரை படுத்திருக்கும் மகனைப் பார்த்தால் அப்பாவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவனுக்கோ எழுந்து குளியலறைக்குப் போவதே பெரிய வேலையாகத் தெரிகிறது. ‘ராத்திரி தூங்குனியாடா?’ என்று கேட்கலாம். பதில் வரவில்லை என்றால் பரவாயில்லை, பக்கத்தில் உட்காரலாம். ‘சாயங்காலம் டீக்கடை வரைக்கும் நடந்துட்டு வருவோம், நானும் வரேன்’ என்று கூப்பிடலாம். மனசு தெளிந்ததும் வேலை செய்வோம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். சின்ன வேலை ஒன்றைச் செய்யச் செய்ய மனசு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வரும். மனநல மருத்துவர்கள் சிகிச்சையாகவே இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

‘ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்’ என்பது என்னை மிகவும் வருத்துகிற தவறு. நோயோடு இருக்கிறவர் தலையில் புதுப் பொறுப்பை ஏற்றி, ஒன்றும் தெரியாத இன்னொரு பிள்ளையையும் உள்ளே இழுத்து, மாத்திரையை மறைத்து மறைத்துப் போட வைத்து, அது தெரியவரும் நாளில் இரண்டு குடும்பமும் உடைகின்றன. முதலில் சிகிச்சை எடுத்துத் தேறட்டும். கல்யாணப் பேச்சு வரும்போது உண்மையைச் சொல்லிச் செய்யுங்கள்.

கோயிலுக்குப் போவதை, மந்திரிப்பதை நான் குறை சொல்லவில்லை. கும்பிட்டால் நிம்மதி வருகிறதென்றால் கும்பிடட்டும். மருந்துக்குப் பதிலாக அதைச் செய்வதுதான் ஆபத்து. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்குள்ள தர்காவில் வேண்டிக்கொண்டால் குணமாகும் என்று நம்பிக் கூட்டிவந்த மனநலம் பாதித்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டதும் பெரும்பாலும் வேறு வழி தெரியாத குடும்பங்கள்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

சரி, டாக்டரைப் பார்த்தாயிற்று, மாத்திரையும் வாங்கியாயிற்று. அடுத்த தவறுகள் இங்கே தொடங்குகின்றன. மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி அரை மணி நேரத்தில் கேட்காது. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு வாரமும் ஆகும். ஆனால் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைபாரம் போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொல்லை முதலில், பலன் பிறகு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஐந்தாம் நாளே ‘இது நமக்கு ஒத்துக்கலை’ என்று அட்டை குப்பைக்குப் போய்விடுகிறது. பெரும்பாலோருக்கு அந்தத் தொல்லை சில நாளில் தணியும். பதற்றம் கூடினாலோ, விபரீத எண்ணம் வந்தாலோ, குறிப்பாக இளவயதுப் பிள்ளைகளுக்கு, அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நன்றாகிவிட்டது என்று நிறுத்துவது. இரண்டு மாதத்தில் தூக்கம் வந்து, வேலைக்குப் போகத் தொடங்கியதும், ‘இன்னும் எதுக்கு மாத்திரை?’ என்று வீட்டில் உள்ளவர்களே கேட்பார்கள். மாத்திரை போடுவதால்தான் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்த அதே வீடுதான் இப்படிக் கேட்கும். முழுக்கத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பது வழக்கமான மருத்துவ நெறி. திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இன்னும் நீளும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். அதைப் பார்த்து ‘மாத்திரைக்கு அடிமை ஆக்கிட்டாங்க’ என்பார்கள். மனச்சோர்வு மாத்திரை போதை தருவதில்லை. டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சிரமமில்லாமல் நிறுத்திவிடலாம்.

பழக்கம் ஏற்படுத்துவது வேறு வகை: அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். டாக்டர் சில வாரத்துக்கு எழுதிக் கொடுத்த அந்தப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதக்கணக்கில் வாங்குவதும், ‘எனக்கு நல்லா கேட்டுச்சு’ என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் கூடவே கூடாது.

தூக்கத்துக்குக் குடிப்பதும் அப்படித்தான். குடித்தால் சீக்கிரம் கண் சொக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கம் உடையும். அடுத்த நாள் மனசு இன்னும் கீழே போகும்.

யாரைப் பார்ப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. மருந்து எழுதுகிறவர் எம்பிபிஎஸ் படித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த மனநல மருத்துவர். பேச்சுவழி சிகிச்சை தருகிற மருத்துவ உளவியலாளர், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சலிங் என்று பலகை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தப் படிப்பு படித்தவர்கள் அல்ல. பதிவு எண் கேட்பதில் தப்பே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ஆலோசனையும் மருந்தும் இலவசம். போவதற்கே தயக்கமாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

‘செத்துடலாம்னு இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், ‘சும்மா மிரட்டுறான்’ என்று விடுவது உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வதும் தவறு. நேராகவே கேளுங்கள்: ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யாரிடமாவது சொல்ல முடிந்ததே என்று பலருக்குப் பாரம் இறங்குகிறது. பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள், மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் வையுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

முதல் தடவை போகும்போது எப்போதிலிருந்து தூக்கம் கெட்டது, எவ்வளவு எடை குறைந்தது, வேறு என்ன மாத்திரை போடுகிறார், குடும்பத்தில் யாருக்காவது இது இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் அவரிடம் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் வெளியே போய் உட்காருங்கள். உங்கள் முன்னால் சொல்ல முடியாத ஒன்று அவரிடம் இருக்கலாம்.