ஜன்னலும் தெரியணும், அறையும் தெரியணும்: மூன்று படங்களை ஒன்றாக்குவது எப்படி?

பகலில் ஓர் அறையைப் படமெடுத்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அறை தெரிந்தால் ஜன்னல் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே தெரிந்தால் அறை இருண்டுவிடும். பல எக்ஸ்போஷர்களை, அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை, மென்பொருளே சேர்த்துத் தரும் ஹெச்.டி.ஆர். ஒரு வழிதான். ஆனால் பல்பின் மஞ்சள் ஒரு சுவரிலும் ஜன்னலின் நீலம் இன்னொரு சுவரிலும் அப்படியே நிற்கும். அந்த நிறக் கலப்பைத் தவிர்க்கத்தான் ஃப்ளாஷ்.

கேமராவை ட்ரைபாடில் மட்டமாக நிறுத்துங்கள். மேலே கீழே சாய்ந்தால் சுவர்க் கோடுகளும் சாயும். மேனுவல் மோட், அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 8, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 200, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) 5500 கெல்வின். ஃபோகஸ் செய்ததும் அதையும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இனி அப்பெர்ச்சரைத் தொடவே கூடாது.

முதல் படம் ஃப்ளாஷ் இல்லாமல். அறை இதமாகத் தெரியும்வரை ஷட்டர் நேரத்தைக் கூட்டுங்கள். அரை வினாடிகூட ஆகலாம். 2 வினாடி டைமர் வைத்தால் கை அதிர்வு சேராது. ஜன்னல் வெளிறினால் வெளிறட்டும்.

இரண்டாவது படத்துக்கு, ஃப்ளாஷை அணைத்தே ஒரு சோதனைப் படம் எடுத்து, அறை இரண்டு ஸ்டாப்பாவது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) இருட்டாகும்வரை ஷட்டர் வேகத்தை ஏற்றுங்கள். அப்புறம் ஃப்ளாஷை வெள்ளைக் கூரையில் அடித்துத் தெறிக்க விடுங்கள். வண்ணச் சுவரில் அடித்தால் அந்த நிறம் அறை முழுக்கப் பரவும். பல கேமராக்களில் 1/200 வினாடியைத் தாண்டினால் படத்தில் கறுப்புப் பட்டை விழும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது, ஜன்னலுக்கு. வெளிக்காட்சி சரியாகத் தெரியும் அளவுக்கு ஷட்டரை வேகமாக்குங்கள். 1/200 போதவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ.வை 100-க்கு இறக்குங்கள். ஃப்ளாஷைப் பக்கவாட்டில் பிடித்து ஜன்னல் சட்டத்தின் மேல் நேராக அடியுங்கள். சட்டம் வெளுத்துப் போக வேண்டும், கண்ணாடியில் மட்டும் ஃப்ளாஷ் தெரியக் கூடாது. சட்டத்தை எதற்கு வெளுக்க வைக்கிறோம் என்பது போட்டோஷாப்பில் புரியும்.

அங்கே இரண்டாவதாக எடுத்த ஃப்ளாஷ் படத்தை அடியில் வையுங்கள். அதன்மேல் முதல் படத்தை லூமினாசிட்டி மோடில் போட்டு, ஒபாசிட்டியை (மேல் படம் எவ்வளவு தெரியணும் என்ற அளவை) 50 சதவீதத்தில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். நிறம் ஃப்ளாஷ் படத்திலிருந்து வரும், வெளிச்சமும் நிழலும் முதல் படத்திலிருந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலே ஜன்னல் படம், டார்க்கன் மோடில். கறுப்பு மாஸ்க் போட்டு அந்தப் படத்தை மறைத்து, ஜன்னல் பகுதியை மட்டும் வெள்ளை பிரஷால் திறந்துவிடுங்கள். இரண்டு படங்களில் இருட்டாக இருப்பதைத்தான் டார்க்கன் எடுத்துக்கொள்ளும். வெளுத்த சட்டம் அதில் தோற்றுப்போகும், வெளிக்காட்சி மட்டும் உள்ளே வரும். சட்டத்தின் ஓரத்தைச் சுற்றி மணிக்கணக்கில் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆரம்பத்தில் ஃப்ளாஷ் படத்தின் பளிச்சென்ற சுவர்களில் மயங்கி, முதல் படத்தை 20 சதவீதத்துக்கே இறக்கிவிடுவேன். நாற்காலிகளெல்லாம் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருக்கும். கால்களுக்கு அடியில் இருந்த மெல்லிய நிழல் காணாமல் போயிருக்கும். அது திரும்பி வரும்வரை ஒபாசிட்டியை ஏற்றுங்கள்.