பாடசாலையில் சீண்டலா? பிள்ளையை வீட்டில் பழக்கும் முறை

"திருப்பி அடி", "கண்டுகொள்ளாத" என்ற இரண்டும்தான் பெற்றோர் வாயில் முதலில் வரும் பதில்கள். இரண்டாலும் பிள்ளைக்கு உதவி இல்லை. திருப்பி அடித்தால் ஆசிரியர் கண்ணில் படுவது அந்த இரண்டாவது அடிதான். பேசாமல் இருந்தால், இந்தப் பிள்ளைக்குக் கேட்க ஆள் இல்லை என்று சீண்டுபவன் முடிவு கட்டிவிடுவான். வேறு வழி உண்டு. ஆனால் அது அறிவுரையால் வராது, பழகித்தான் வரும்.

முதலில் சண்டையா, சீண்டலா என்று பிரித்துப் பாருங்கள். இருவர் அழிறப்பருக்கு அடிபட்டு மறுநாள் சேர்ந்து விளையாடினால் அது சண்டை. ஒரே ஆளோ கூட்டமோ, எதிர்த்து நிற்க முடியாத பிள்ளையை வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் குறிவைத்தால் அது சீண்டல். கொழும்பில் இதற்கு எளிதாகக் கிடைக்கும் சாட்டு பேச்சு: யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து சேர்ந்த பிள்ளையின் தமிழ், அல்லது தடுமாறும் சிங்களம். அப்போது "நீயும் அவங்களை மாதிரிக் கதை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பிழை தன்னில்தான் என்று பிள்ளை நம்பிவிடும்.

சொல்ல வைப்பது

"யார் செய்தது?" என்று தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் போய்ச் சண்டை பிடிப்பீர்கள், நாளைக்கு இன்னும் மோசமாகும் என்பதுதான் அதன் பயம். "இடைவேளையில எங்க இருந்தனீங்கள்? ஸ்கூல் வான்ல பக்கத்தில யார்?" என்று கேளுங்கள். முகம் பார்த்து விசாரிப்பதைவிட, நடந்துகொண்டோ சமையலறையில் வேலை செய்துகொண்டோ கதைப்பது நல்லது. திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, அடிக்கடி தொலையும் பென்சில் பெட்டி, நிறைந்தபடியே திரும்பி வரும் தண்ணீர்ப் போத்தல் எல்லாம் கவனிக்க வேண்டியவை. போத்தல் ஏன் என்றால், மலசலகூடப் பக்கம் ஆசிரியர் பார்வை குறைவு. அங்கே போகப் பயப்படும் பிள்ளை தண்ணீர் குடிக்காது.

ஒத்திகை

நாளுக்கு ஐந்து நிமிடம், ஒரு வாரம். முதல் நாள் பிள்ளை சீண்டுபவராக நடிக்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். மறுநாள் மாறுங்கள். இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். கண்ணைப் பார்க்கக் கஷ்டமென்றால் எதிரே நிற்பவரின் புருவத்துக்கு நடுவே பார்க்கலாம். சொல்வது ஒரே ஒரு வசனம்: "அப்படிக் கூப்பிடாத, நிப்பாட்டு." சொன்னதும் திரும்பி, ஆட்கள் இருக்கும் பக்கம் நடக்க வேண்டும்.

இது பிழைத்துப்போவது, அதாவது சரிவராமல் போவது, பெரும்பாலும் மூன்று இடத்தில். பயத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்லும். அதை எதிராளி விளையாட்டாக எடுப்பான். "ஏன் அப்படிச் சொல்ற?" என்று கேள்வி கேட்கும், அது இன்னொரு கேலிக்கு இடம் கொடுக்கும். சொல்லிவிட்டு அங்கேயே நிற்கும். இந்த மூன்றையும் ஒத்திகையில் திருத்துங்கள். அடி, தள்ளல், காசு பறித்தல் என்றால் வசனமே வேண்டாம். உடனே பெரியவர் ஒருவரிடம் போக வேண்டும். அது கோள் சொல்வதல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள்.

கூட ஒரு நண்பரோ நண்பியோ இருந்தால் பாதிச் சுமை குறையும். வானில் சாரதிக்குப் பின்னால் உள்ள இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். டியூஷன் வகுப்பு முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தையும் மறக்க வேண்டாம்.

பாடசாலையோடு

ஒரு கொப்பியில் திகதி, இடம், நடந்தது, பார்த்தவர் என்று எழுதி வையுங்கள். வட்ஸ்அப் குழுவில் வந்ததென்றால் அழிக்கவோ தடுக்கவோ முன் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். முதலில் வகுப்பாசிரியர், பிறகு பகுதித் தலைவர், பிறகு அதிபர்; முறைப்பாடு கடிதமாகவே போகட்டும். என்ன செய்வார்கள், எப்போது என்று கேட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி போங்கள். இருவரையும் ஓர் அறையில் இருத்திக் கைகுலுக்க வைப்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பயந்த பிள்ளை அங்கே உண்மையைச் சொல்லாது. மற்றப் பிள்ளையின் பெற்றோருக்கு இரவில் கோல் எடுப்பதும் காரியத்தைக் கெடுக்கும்.

பாடசாலை அசையவில்லை, அல்லது காயம், மிரட்டல் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். நித்திரையோ சாப்பாடோ குழம்பியிருந்தால் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "நான் இல்லாமப் போனா நல்லது" என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் தனியே விடாதீர்கள். அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.